கறுப்புக் கோடு கரைந்து பூவெல்லாம் சாம்பலாகிறது: ஸ்டாம்ப் வைத்து வாட்டர்கலர் அடிக்கும் அட்டைக்கு உதவி தேவை

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், இப்போது மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

வாய் சும்மா இருக்காமல், 12 வாழ்த்து அட்டைகளைக் கையாலேயே செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் இருக்கிறது. பூங்கொத்து ஸ்டாம்ப் ஒன்றைக் கறுப்பு மையில் அச்சு வைத்து, உள்ளே வாட்டர்கலர் அடிப்பது திட்டம். காணொளியில் பார்த்தபோது ஐந்து நிமிட வேலையாகத் தெரிந்தது.

நேற்று நான்கு செய்தேன், நான்கும் குப்பைக்குப் போயின. பிரஷ் பட்ட இடத்தில் எல்லாம் கறுப்புக் கோடு கரைந்து, மஞ்சள் இதழ் சேற்று நிறமாகவும் இளஞ்சிவப்பு இதழ் சாம்பலாகவும் மாறிவிட்டது. தாள் படகு மாதிரி வளைந்துகொண்டது. அச்சும் முழுதாக விழவில்லை, நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள். அரை மணி நேரம் காயவிட்ட பிறகுதான் வண்ணமே தொட்டேன். எங்கே தப்பு?

கத்திரியும்பசையும் எழுதியது:

வாங்க மழைத்துளி. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். என்ன மை? என்ன தாள்? ஸ்டாம்ப் சிவப்பு ரப்பரா, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற வகையா?

மழைத்துளி எழுதியது:

அக்கா, மை ஸ்டாம்போடு சேர்ந்து வந்த குட்டி பேட். அதில் "கறுப்பு" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. தாள் வாட்டர்கலர் பேட் என்று அட்டையில் எழுதியிருந்தது, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு), ஒரு பக்கம் சொரசொரப்பு. ஸ்டாம்ப் கண்ணாடி மாதிரி, அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அச்சு வைப்பது.

கத்திரியும்பசையும் எழுதியது:

நினைத்தேன். மையில் இருந்து வருகிறேன், தாளை நீர்க்கோடு வந்து பார்த்துக்கொள்வார். தாள் என்று யாராவது சொன்னால் போதும், மனிதர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

சேர்ந்து வரும் குட்டி பேட்கள் பெரும்பாலும் சாய மை, அதாவது டை இங்க். சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள். காய்ந்தாலும் தண்ணீர் பட்டதும் மறுபடி கரையத்தான் பார்க்கும். அரை மணி நேரம் காயவிட்டேன் என்கிறீர்கள். அரை வருடம் விட்டாலும் அந்த மை அப்படித்தான். சீக்கிரம் காய்வது வேறு, தண்ணீருக்கு அசையாமல் நிற்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து நான் முதல் வருடம் முழுக்க ஏமாந்தேன். பேட் மேல் "உடனடியாகக் காயும்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அதில் சில, ஆல்கஹால் மார்க்கருக்காகவே செய்த மை. மார்க்கர் மேலே போனால் ஒன்றும் ஆகாது, ஈரப் பிரஷ் போனால் கதை முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது தண்ணீரில் கரையாத மை. வழி மூன்று உண்டு. ஒன்று, "ஆர்க்கைவல்" என்ற பெயரில் வரும் கரையாத மை. இரண்டாவது, எண்ணெய் கலந்த நிறமி மை. நிறமி என்பது கரையாத நுண்தூள், தாளின் மேல் உட்காரும். கோடு மயிரிழையாக, கருகருவென்று விழும், ஆனால் காய நேரம் எடுக்கும். மூன்றாவது கரைப்பான் மை. கண்ணாடி, பிளாஸ்டிக் மேல் கூட நிற்கும். ஆனால் வாடை தூக்கும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கழுவத் தனித் திரவம் வேண்டும், சில கண்ணாடி ஸ்டாம்புகளை நாளடைவில் கெடுத்தும் விடும். உங்கள் ஸ்டாம்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நிறமி மையே போதும். அச்சு வைத்ததும் ஹீட் கன்னை, அதாவது சூடான காற்றை ஊதும் கருவியை, ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில நொடி சூடு காட்டுங்கள். அது இல்லையென்றால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

எந்த மை வாங்கினாலும் 12 அட்டையில் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் வண்ணம் அடிக்கப்போகும் அதே தாளில் ஒரு துண்டு வெட்டி, நான்கு அச்சு வையுங்கள். முதல் அச்சின் மேல் ஐந்து நிமிடத்தில் ஈரப் பிரஷை இழுங்கள். அடுத்ததை ஒரு மணி நேரம் கழித்து, மூன்றாவதை மறுநாள். நான்காவதைச் சூடு காட்டி ஆறவைத்து. பின்னால் தேதியும் மையின் பெயரும் எழுதி வையுங்கள். என்னிடம் இப்படி ஒரு டப்பா நிறையத் துண்டுகள் இருக்கின்றன, பேட் மேல் அச்சிட்ட வாக்கியத்தைவிட அந்த டப்பாவைத்தான் நம்புகிறேன். ஒரே மை ஒரு தாளில் அசையாமல் நிற்கும், இன்னொரு தாளில் லேசாகக் கசியும்.

அரைகுறைஓவியன் எழுதியது:

> ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து

அந்த ஒரு சாண் முக்கியம் சகோ. நான் விரற்கடை தூரத்தில் பிடித்தேன். மை காய்ந்தது, தாளும் பழுப்பாகக் கருகியது. "பழங்கால ஓலை மாதிரி இருக்கே, எப்படிச் செய்தாய்?" என்று வாங்கியவர் கேட்டார். ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

நீர்க்கோடு எழுதியது:

வந்துவிட்டேன்.

மழைத்துளி, தாள் வளைந்ததற்கு உங்கள் கையைக் குற்றம் சொல்லாதீர்கள். 200 ஜிஎஸ்எம் தாள் இரண்டு பூச்சுத் தண்ணீர் குடித்தால் வளையாமல் என்ன செய்யும்? ஈரம் பட்ட பக்கத்தில் நார் உப்பி விரியும், அடிப்பக்கம் விரியாது, தாள் படகாகும். 300 ஜிஎஸ்எம்முக்குக் கீழே வாட்டர்கலருக்குப் போகவே வேண்டாம். அதுவும் வளையும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

எடையைவிடப் பெரிய விஷயம் தாள் எதால் ஆனது என்பது. மரக்கூழ்த் தாளில் வண்ணம் சட்டென்று காய்ந்து விளிம்பில் கோடு கட்டிக்கொள்ளும். பருத்தித் தாள் தண்ணீரை நிதானமாக வைத்திருக்கும். இரண்டு நிறத்தை ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட அவகாசம் கிடைக்கும், காய்ந்த பிறகு நிறத்தைத் துடைத்து எடுக்கவும் ஓரளவு இடம் கொடுக்கும். பழகும்போது மலிவுத் தாள், கை வந்த பிறகு நல்ல தாள் என்று பலர் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். பழகும்போதுதான் நல்ல தாள் வேண்டும். இல்லையென்றால் தாளின் குற்றத்தை உங்கள் குற்றம் என்று நினைத்துப் பிரஷைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். அட்டைக்குத் தேவை உள்ளங்கை அளவு துண்டுதான், பெரிய தாள் ஒன்று வாங்கினால் நிறைய வெட்டலாம்.

இனி நான் சொல்ல வந்தது. ஈரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாளைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் போட்டவுடன் குளம் மாதிரி தேங்கி நிற்கும். அப்போது நிறத்தை விட்டால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் குளம் வடிந்து, தாள் முழுக்க ஒரே சீரான பளபளப்பு. நிறம் மெத்தென்று பரவும், பூவிதழுக்கு இதுதான் நேரம். அதற்கும் பிறகு பளபளப்பு மங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும் இருக்கும். இங்கேதான் எல்லோரும் விழுகிறோம். "இன்னும் கொஞ்சம் நிறம் வைக்கலாமே" என்று தண்ணீர் நிறைந்த பிரஷோடு போவோம். காய்ந்துகொண்டிருக்கும் நிறமியைப் புதுத் தண்ணீர் விளிம்புக்குத் தள்ளும், காலிஃபிளவர் மாதிரி சுருக்கு விளிம்போடு ஒரு திட்டு விழும். அந்த நேரத்தில் வைப்பதானால், தாளில் இருப்பதைவிடப் பிரஷில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். இல்லையா, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கடைசியில் மினுமினுப்பும் போய்விடும். காய்ந்துவிட்டது என்று கண் சொல்லும், நம்பாதீர்கள். புறங்கையை லேசாகத் தாள் மேல் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சில்லிப்பு போன பிறகுதான் அடுத்த பூச்சு.

மழைத்துளி எழுதியது:

ஐயா, புறங்கை வைத்தியம் அருமை. இப்போதே ஒரு பழைய துண்டை நனைத்துப் பார்த்தேன். நான் "காய்ந்துவிட்டது" என்று நினைத்த நேரத்தில் தாள் ஐஸ் மாதிரி இருந்தது! அப்படியென்றால் நேற்று இரண்டாவது பூச்சு எல்லாம் ஈரத்தின் மேல்தான் போட்டிருக்கிறேன்.

அச்சில் வெள்ளைப் பொட்டு விழுவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

கத்திரியும்பசையும் எழுதியது:

அதற்குத் தாளின் சொரசொரப்பு ஒரு காரணம், ஸ்டாம்பின் வழவழப்பு இன்னொன்று. புதுக் கண்ணாடி ஸ்டாம்பின் மேல் ஒரு பளபளப்பு இருக்கும், மை அதில் நிற்காமல் முத்து முத்தாகத் திரளும். பென்சில் அழிக்கும் ரப்பரால் ஸ்டாம்பின் முகத்தை மெதுவாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுங்கள். தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்று போட்டுக்கொண்டு அழுத்துங்கள், பள்ளத்துக்குள்ளும் மை இறங்கும்.

ஆனால் நேர் வழி ஒன்று இருக்கிறது: ஹாட் பிரஸ் தாள் வாங்கி விடுங்கள். இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருக்கும், மயிரிழைக் கோடுகூட முழுசாக விழும்.

நீர்க்கோடு எழுதியது:

இதில்தான் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகாது. ஹாட் பிரஸ் தாளில் அச்சு அழகாக விழும், ஆனால் புதியவர் கையில் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு விளிம்பும் காட்டிக்கொடுக்கும். கோல்ட் பிரஸ் தாளின் மேடு பள்ளம் சின்னத் தப்பையெல்லாம் மூடி மறைத்துவிடும். வாட்டர்கலருக்குத்தானே வாட்டர்கலர் தாள்?

கத்திரியும்பசையும் எழுதியது:

உங்களுக்கு அது ஓவியம் தம்பி, எங்களுக்கு அட்டை. பூவின் நடுவே மகரந்தம் 20 புள்ளி இருந்தால் 20 புள்ளியும் விழ வேண்டும்.

நீர்க்கோடு எழுதியது:

சரி, சமாதானம். பெரும்பாலான கோல்ட் பிரஸ் தாளில் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று வழவழப்பாக இருக்கும். அந்தப் பக்கத்தில் அச்சு வைக்கச் சொல்லுங்கள்.

கத்திரியும்பசையும் எழுதியது:

அதற்கு நான் தலையாட்டுகிறேன். கூடவே ஸ்டாம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறக்குகிற மேடை கிடைக்கும். கீல் வைத்த மூடி, அதில் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், தாள் காந்தத்தால் பிடிபட்டிருக்கும். முதல் அச்சு சரியாக விழவில்லையா, மை தடவி மறுபடி மூடினால் இம்மி பிசகாமல் அதே இடத்தில் விழும். 12 அட்டை என்றால் அது இருப்பது நல்லது. கையால் வைத்த அச்சின் மேல் மறுபடி கையால் வைக்க மட்டும் முயலாதீர்கள். எல்லாப் பூவும் இரண்டிரண்டாகத் தெரியும்.

கல்லுப்பு எழுதியது:

கறுப்புக் கோடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே! எம்பாசிங் பவுடர் போடுங்கள் மழைத்துளி.

நிறமில்லாத பிசுபிசுப்பு மை ஒன்று உண்டு. அதில் அச்சு வைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளை அல்லது நிறமற்ற பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். மணல் மாதிரி இருந்த தூள் ஒரு மூலையில் பளிச்சென்று உருகும், அந்தப் பளபளப்பு கோடு வழியே நகர்ந்து போவதைப் பார்க்கிற சுகமே தனி. உருகியதும் சூட்டை நகர்த்திவிடுங்கள். ஆசைப்பட்டு அங்கேயே காட்டினால் பவுடர் தாளுக்குள் இறங்கி, எழும்பிய கோடு சப்பையாகிவிடும்.

அது பிளாஸ்டிக் வரப்பு மாதிரி. இதழுக்குள் ஈரமாக எவ்வளவு நிறம் விட்டாலும் வரப்பு தாண்டாது. இதழில் தண்ணீர் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு சொட்டு மஞ்சள், அவ்வளவுதான், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கோட்டின் மேல் நிற்கும் சொட்டுகளைக் காய்வதற்கு முன் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாளில் கைப்பிசுக்கோ ஈரமோ இருந்தால் பவுடர் வேண்டாத இடத்தில் எல்லாம் ஒட்டும். முகப்பூச்சு டால்க் பவுடரைத் துணியில் முடிந்து, அச்சு வைக்கும் முன் தாளில் லேசாக ஒற்றிக்கொள்ளுங்கள்.

பின்னணிக்கு உப்பு. நீர்க்கோடு சொன்ன அந்தப் பட்டு மினுமினுப்பு நேரத்துக்குச் சற்று முன்னால் கல்லுப்பைத் தூவுங்கள். உப்புக்கல் ஒவ்வொன்றும் சுற்றியிருக்கும் நிறநீரை உறிஞ்சி, பனிப்பூ மாதிரி வடிவம் விடும். குளமாக இருக்கும்போது போட்டால் உப்பு கரைந்துபோகும், காய்ந்த பிறகு போட்டால் உப்பு வெறும் உப்பாகவே இருக்கும். முழுசாகக் காய்ந்ததும் எல்லா உப்பையும் உதறித் தேய்த்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அரைகுறைஓவியன் எழுதியது:

எம்பாசிங் பவுடர் தூவியிருக்கும்போது தும்மாதீர்கள். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

மழைத்துளி எழுதியது:

கல்லுப்பு, உங்கள் பெயரின் காரணம் இப்போது புரிந்தது! வெள்ளை வரப்பு எனக்குப் பிடித்துவிட்டது. ஆறு அட்டை கறுப்புக் கோடு, ஆறு அட்டை வெள்ளை எம்பாசிங் என்று பிரித்துக்கொள்கிறேன். மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதுவும் இதே வேலைதானே?

நீர்க்கோடு எழுதியது:

வேலை ஒன்று, குணம் வேறு. மாஸ்கிங் ஃப்ளூயிட் ரப்பர் பால். நிறம் காய்ந்த பிறகு விரலால் தேய்த்து உரித்துவிடலாம், அடியில் வெறும் வெள்ளைத் தாள் தெரியும். எம்பாசிங் தாளிலேயே இருந்துவிடும். ஃப்ளூயிடை நல்ல பிரஷால் தொடாதீர்கள், காய்ந்தால் மயிரெல்லாம் ஒட்டி அந்தப் பிரஷ் அவ்வளவுதான். பழைய பிரஷைச் சோப்பில் தோய்த்துக்கொண்டு பிறகு தொடுங்கள். அதன் மேல் ஹீட் கன் காட்டவே கூடாது, நாள் கணக்கில் விட்டு வைக்கவும் கூடாது. இரண்டிலும் ரப்பர் தாளோடு பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பழையதாள் எழுதியது:

குறுக்கே ஒரு செய்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஏற்பாட்டில் வெளியானது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தார். படம் கல் அச்சில் அச்சாகி, நிறம் மட்டும் கையால் தீட்டப்பட்டது. கல் அச்சு மை கொழுப்புப் பசையுள்ள மை, தண்ணீரை அண்டவிடாது. அதனால்தான் மேலே நீர்வண்ணம் அடித்தாலும் கோடு கலையவில்லை. ஆக, அச்சுக்கோடு போட்டு உள்ளே நிறம் தீட்டும் இந்த வேலைக்கு வயது 180-க்கு மேல். 1,000 படிகள் போட்டார்களாம். மழைத்துளிக்கு 12 தானே, நிம்மதியாக இருங்கள்.

மழைத்துளி எழுதியது:

1,000! தீட்டியவரின் கையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அட்டை வளையாமல் இருக்க 300 ஜிஎஸ்எம் மட்டும் போதுமா? அதையே மடித்து அட்டையாக்கலாமா?

கத்திரியும்பசையும் எழுதியது:

மடிக்காதீர்கள். படத்தைத் தனித் துண்டில் செய்து, பிறகு மடித்த அட்டை மேல் ஒட்டுங்கள். படம் கெட்டால் துண்டு மட்டும்தான் போகும். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய தாளை அடுக்கினால் அலமாரி கொள்ளாது.

அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 அளவுக் கெட்டித்தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர், ஏ6. சி6 உறை 114-க்கு 162, அதற்குள் சுகமாகப் போய் உட்காரும். படத்துண்டை எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைத்து 99-க்கு 142 வெட்டினால், சுற்றிலும் மெல்லிய சட்டம் மாதிரி கரை தெரியும். துண்டின் பின்னால் ஃபோம் டேப் ஒட்டித் தூக்கி நிறுத்துவது அழகுதான், ஆனால் உறை தடிமனாகிவிடும். தபாலில் போகிற அட்டைக்கு நான் சாதா இரட்டைப் பக்க டேப்தான்.

மடிப்புக்கு முன் நார் திசை பாருங்கள். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மடக்கிப் பார்த்தால் எந்த மடக்கு சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் வாக்கில் நார் ஓடுகிறது. மடிப்பு அதே வாக்கில் வந்தால் நேராக மடியும். எதிர் வாக்கில் வந்தால் மடிப்பில் பொரிப்பொரியாக வெடிக்கும். எப்படியானாலும் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடியுங்கள்.

வளைவுக்கு: வண்ணம் அடிக்கும் முன் துண்டின் நான்கு பக்கத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிடுங்கள். முழுசாகக் காயும் வரை எடுக்கக் கூடாது. எடுக்கும்போது டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், தாளை ஒட்டினாற்போல் வெளிப்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுங்கள். பிறகும் வளைந்திருந்தால் பின்பக்கத்தில் மட்டும் ஈரப் பிரஷால் லேசாக ஒரு முறை தடவி, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். எம்பாசிங் செய்த துண்டுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் நன்றாக ஆறின பிறகு.

நீர்க்கோடு எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒரு விஷயம். உங்கள் இளஞ்சிவப்பு எது என்று டியூப்பில் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற ஒளிரும் இளஞ்சிவப்புகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அட்டையைச் சுவரில் மாட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிவி 19 (PV19) என்ற நிறமி எண் போட்ட ரோஜா நிறம் ஒளியை நன்றாகத் தாங்கும். சாம்பல் நிழல் வேண்டுமானால் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா சேருங்கள், உயிருள்ள சாம்பல் வரும்.

எழுத்தாணி எழுதியது:

அட்டையில் வாசகம் என்ன செய்யப்போகிறீர்கள்? கிடைக்கிற வாசக ஸ்டாம்பெல்லாம் ஆங்கிலம். நான் தமிழ் வாசகத்தை அழிரப்பரில் நானே செதுக்குகிறேன்.

டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். அதைக் கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தலைமாறி ரப்பரில் இறங்கிவிடும். நீங்களே கண்ணாடி பார்த்துத் திருப்பி எழுத வேண்டியதில்லை. வி வடிவ உளியால் எழுத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே போங்கள். வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள். நம் எழுத்துக்கு இது ரொம்ப முக்கியம், எல்லாமே வளைவுதானே. சுழிக்குள் இருக்கும் இடத்தை முதலில் தோண்டிவிட வேண்டும். கடைசியில் தோண்டினால் சுழியின் சுவர் பிய்ந்துவிடும். "ழ" கொஞ்சம் பாடு படுத்தும். புள்ளிதான் உண்மையான எமன்: தனியாக நிற்கும் சின்னத் தூண், வெட்டும்போது அடிப்பாகத்தை அகலமாகச் சரிவாக விடாவிட்டால் மூன்றாவது அச்சில் சாய்ந்துவிடும். நான் முதலில் செதுக்கிய "வாழ்த்துக்கள்" இப்படித்தான் புள்ளியெல்லாம் உதிர்ந்து போனது.

பழையதாள் எழுதியது:

"வாழ்த்துகள்" அல்லவா? ஒற்று மிகாது.

எழுத்தாணி எழுதியது:

ஒற்று மிகும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் ஐயா.

பழையதாள் எழுதியது:

"வாழ்த்துக் கள்" என்று பிரித்தால் நீங்கள் அனுப்புவது வேறு பானம் ஆகிவிடும்.

எழுத்தாணி எழுதியது:

அப்படிப் பார்த்தால் "வாழ்த்துகள்" என்பதிலும் அதே பானம்தான் இருக்கிறது, ஒற்று மட்டும்தான் குறைகிறது.

மட்டுறுத்துநர்:

இலக்கணத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 40 பக்கத்துக்கு இதே சண்டைதான். இங்கே அட்டை மட்டும்.

கல்லுப்பு எழுதியது:

செதுக்குகிறவர் பார்வையில் சொல்கிறேன். ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் குறைவாக இருப்பது எதுவோ, அதுவே சரி.

மழைத்துளி எழுதியது:

சிரித்து முடியவில்லை. நான் "அன்புடன்" என்று செதுக்கப்போகிறேன். சண்டை இல்லை.

மழைத்துளி எழுதியது:

இரண்டு வாரம் ஆயிற்று. கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நிறமி மை வாங்கி, அக்கா சொன்ன நான்கு அச்சுச் சோதனை செய்தேன். ஐந்து நிமிடத்தில் இழுத்தது ஒழுகியது, ஒரு மணி நேரத்தில் இழுத்தது லேசாக நிழல் விட்டது, மறுநாள் இழுத்ததும் சூடு காட்டியதும் அசையவில்லை. துண்டின் பின்னால் தேதி போட்டு ஒரு டப்பாவில் போட்டுவிட்டேன். எனக்கும் ஒரு டப்பா ஆகிவிட்டது!

300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், கோல்ட் பிரஸ், வழவழப்பான பக்கம். கறுப்புக் கோட்டு அட்டைகள் ஆறில் ஐந்து தேறின. ஆறாவதில் காலிஃபிளவர். பளபளப்பு மங்கியது கண்ணுக்குத் தெரிந்தது, நீர்க்கோடு ஐயாவின் குரல் காதில் கேட்டது, கை கேட்கவில்லை. அந்தத் திட்டை இலை என்று சொல்லிச் சமாளித்து, மேலே நரம்பு வரைந்துவிட்டேன்.

வெள்ளை எம்பாசிங் அட்டைகள்தான் எனக்குப் பிடித்தவை. பவுடர் உருகும்போது என் பெண் பக்கத்தில் நின்று "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கத்தினாள். நீலப் பின்னணியில் உப்புத் தூவினேன். முதல் துண்டில் அவசரப்பட்டு உப்பெல்லாம் கரைந்தது. இரண்டாவதில் பொறுமையாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பளபளப்பு இறங்க ஆரம்பித்ததும் போட்டேன். காய்ந்த பிறகு உப்பை உதறினால் உள்ளே அத்தனை நட்சத்திரம்.

"அன்புடன்" செதுக்கியதில் "ன்" இரண்டு வருகிறது என்பதை உளி எடுத்த பிறகுதான் கவனித்தேன். எழுத்தாணி சொன்ன மாதிரி புள்ளிக்கு அடியை அகலமாக விட்டதால் 12 அச்சும் தாங்கியது.

ஒரே ஒரு சிக்கல். கடைசி அட்டையில் படத்தை ஒட்டி முடித்துவிட்டு உள்ளே திறந்து பார்த்தால், முன்னாடியே எழுதி வைத்திருந்த வாசகம் தலைகீழாக இருக்கிறது. பேனா மை, அழியாது. என்ன செய்ய?

கத்திரியும்பசையும் எழுதியது:

பதறாதீங்க. உள்பக்கத்துக்கு மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை 99-க்கு 142 வெட்டி, அதில் வாசகத்தை எழுதி, காய்ந்த பிறகு பழைய எழுத்தை மூடி ஒட்டிவிடுங்கள். வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு மாதிரி இருக்கும். எழுதிவிட்டு ஒட்டுங்கள், ஒட்டிவிட்டு எழுதாதீர்கள்.

மழைத்துளி எழுதியது:

நன்றி அக்கா. எழுதினேன், காயவிட்டேன், ஒட்டினேன்.

அதையும் தலைகீழாக.

அரைகுறைஓவியன் எழுதியது:

அந்த அட்டை எனக்கு.